ஞாயிற்றுக்கிழமைகளில் சரியாக ஓடும் கடிகாரம்

சிவகாமியம்மாளின் கம்ப்யூட்டருக்கு மூன்றாவது முறையாக பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தபோது எனக்கு இருமல் வந்தது. வந்தது என்ன, வரவழைத்துக்கொண்டேன். "போன ரெண்டு பேட்டரியும் என்னடா ஆச்சு, திரவியம்?" என்று அவர் கேட்டிருந்தார். பதில் தெரியாத கேள்விக்கு இருமுவது எங்கள் தொழிலில் பாதி. மீதிப் பாதி, மெஷினை அணைத்துவிட்டு மறுபடி போடுவது.

"அது ரெண்டும் டூப்ளிகேட் மாமி. இது ஜப்பான் சாதனம்" என்றேன்.

சிவகாமியம்மாள் செக்ரட்டேரியட்டில் முப்பத்தொரு வருடம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கரமனை அக்ரஹாரத்தில் தன் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து பிரசன்னம் பார்க்கிறார். பிரசன்னம் என்றால், வந்தவர் வாயைத் திறந்து கேள்வி கேட்கும் அந்த நிமிடத்தில் வானத்தில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கட்டம் போட்டு, அதிலிருந்து பதில் சொல்வது. வந்தவர் கேட்டதும் இவர் ஒரு பட்டனைத் தட்டுவார். சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரில் ஓடும் மணியைத் தானே எடுத்துக்கொண்டு கட்டம் போட்டு பிரிண்டரில் தள்ளிவிடும். ஆக, மளிகைக் கடைக்குத் தராசு எப்படியோ, இவருக்கு அந்தத் திரையின் மூலையில் ஓடும் மணி அப்படி. அதுதான் ஜூன் மாதத்திலிருந்து பிசகிக்கொண்டிருந்தது. காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தால், மணி விடியற்காலையில் நிற்கும். அவர் கையால் திருத்திவிட்டு வேலையைத் தொடங்குவார். மறுநாள் மறுபடி விடியற்காலை.

நான் ஆரியசாலையில் ஒரு பெருங்காய மொத்தக் கடைக்கு மேல் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என் சட்டை, என் ஸ்க்ரூடிரைவர், நான் சரிசெய்து அனுப்பும் லேப்டாப்புகள் எல்லாமே ரசம் மணக்கும். கடைக்கு ஞாயிறுதான் விடுமுறை என்பதால் கரமனைக்கு ஞாயிறுதான் போவேன். அங்கேதான் விஷயம். நான் போகும் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றிலும் அந்தக் கடிகாரம் கோயில் மணி மாதிரி சரியாக ஓடும். நான் எதையாவது மாற்றிவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்துவிடுவேன். திங்கட்கிழமை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு போன் வரும். பத்து ஞாயிறுகள் இப்படிப் போயின. பேட்டரி மாற்றினேன். வைரஸ் தேடினேன். உள்ளே ஊதித் துடைத்தேன். பூஜை மணியின் அதிர்வு காரணமாக இருக்கலாம் என்று மேசையை நான்கு அடி தள்ளிப் போட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜப்பான் பேட்டரி போட்ட அந்த ஞாயிறு எனக்கு ஒரு வீறாப்பு வந்தது. "மாமி, இனிமே நீங்க அந்த மணியைப் பாக்கவே வேண்டாம். கை வைக்கவும் வேண்டாம். திரவியம் கேரண்டி" என்றேன். அன்று இரவு பெய்யத் தொடங்கிய மழை திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் விடவில்லை. கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார். அந்த இரண்டு நாளும் மணி பிசகவில்லை. செவ்வாய் மதியம் சிவகாமியம்மாளே கூப்பிட்டு, "சரியாயிடுத்துடா! நீ கெட்டிக்காரன், கேட்டயா" என்றார். முப்பத்தேழு வயதில் என்னை யாராவது கெட்டிக்காரன் என்று சொல்வது அபூர்வம். தலையில் முன்வரிசை முடி ஓய்வு பெற்றுப் போனபின் சொன்னது அவர் ஒருவர்தான். அந்த மிதப்பில்தான் பிச்சைக்கனிக்கு போன் செய்தேன்.

பிச்சைக்கனி, எனக்குப் பார்த்திருந்த பெண் கௌசல்யாவின் அப்பா. திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து விழிஞ்ஞத்தில் வீடு கட்டிக் குடியேறியவர். கட்டட வேலைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர். அதற்கு இரண்டு வாரம் முன்னால் நான் அவர் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தேன். கௌசல்யா துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறாள். காப்பித் தம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, குனியாமல் நேராக என்னைப் பார்த்து, "ரிப்பேர்காரங்க எல்லாத்தயும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவீங்களாமே, உள்ளதா?" என்று கேட்டாள்.

"தொண்ணூறு சதவீதம் அதான்" என்றேன்.

"மிச்சம் பத்து?"

"கஸ்டமர்ட்ட மன்னிப்பு கேக்கது."

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாத சிரிப்பு. அந்தச் சிரிப்போடு ஸ்கூட்டரில் விழிஞ்ஞத்திலிருந்து ஆரியசாலை வரை வந்தேன். வழியில் இரண்டு சிக்னல்கள் இருந்ததாக ஞாபகமில்லை.

ஆனால் எனக்கு ஜாதகம் கிடையாது. நான் பிறந்த நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. பிச்சைக்கனி யோசித்தார். "ஜாதகம் இல்லன்னா பிரசன்னம் பாத்துருவோம். ஒமக்குத் தெரிஞ்ச நல்ல எடம் இருந்தா சொல்லும். அதுல வேண்டாம்னு வந்துட்டா பேச்சு கெடையாது, கேட்டேரா" என்றார். செவ்வாய்க்கிழமை நான் அவருக்குக் கரமனை விலாசத்தைக் கொடுத்தேன். "மணி ஒரு நிமிசங்கூட பிசகாது மாமா, நானே சர்வீஸ் பண்ணுதேன்" என்று வேறு சொன்னேன்.

புதன்கிழமை வெயில் அடித்தது. பள்ளிக்கூடம் திறந்தது. மதியம் கௌசல்யாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'அப்பா காலைல போய்ட்டு வந்தாங்க. வேண்டாம்னு வந்திருக்கு. ஷீட் அனுப்பிருக்கேன். நல்லா பாருங்க.' கூடவே ஒரு போட்டோ. நான் போட்டோவைத் திறக்கவில்லை. தோற்ற பரீட்சையின் பேப்பரை யார் பார்ப்பார்கள்? 'பரவாயில்லை' என்று எழுதி ஒரு கும்பிடு போட்டேன். ஒரு ரோஜாப்பூவும் போடலாமா என்று யோசித்து, கம்பீரம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். அவளிடமிருந்து 'ம்' என்று ஒற்றை எழுத்து வந்தது. அன்று மதியம் நான் தொட்ட இரண்டு லேப்டாப்புகளும் வந்ததைவிட மோசமாகப் போயின.

ஐந்து மணி வாக்கில், அழுவதென்றால் முறையாக எதையாவது பார்த்தே அழலாம் என்று போட்டோவைத் திறந்தேன். கட்டம். கட்டத்துக்குள் கிரகங்கள். கடக லக்னம். கீழே நான்கு வரிப் பலன், 'இந்த இடம் அமையாது' என்று முடிந்தது. மேல் மூலையில், எறும்பு சைஸில், கேட்ட நேரம்: காலை 05.11.

சிவகாமியம்மாள் பத்து மணிக்கு முன்னால் யாருக்கும் கதவு திறக்கமாட்டார். பிச்சைக்கனி காலையில் அந்தத் தெருவில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு, "எந்த வீடுவே, எல்லாம் ஒண்ணு போல இருக்கு" என்று கேட்ட நேரம் போனில் பதிவாகியிருந்தது. பத்து முப்பத்தெட்டு. உள்ளே போய் உட்கார்ந்து கேட்க மூன்று நிமிடம். பத்து நாற்பத்தொன்றில் ஐந்து பதினொன்றைக் கழித்தேன்.

ஐந்தரை மணி நேரம். ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பேட்டரி செத்தால் கடிகாரம் இஷ்டத்துக்குப் போகும். சில சமயம் நாம் பிறப்பதற்கு முந்தின வருடத்துக்கே போகும். அளந்து வைத்த மாதிரி ஐந்தரை மணி நேரம் பின்னால் போகிற ஒழுக்கம் எந்த பேட்டரிக்கும் கிடையாது. ஐந்தரை என்பது கிரீன்விச்சுக்கும் நமக்கும் உள்ள தூரம். யாரோ அந்தக் கம்ப்யூட்டருக்குள் கிரீன்விச் மணியை எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். பத்து ஞாயிறுகளாக, "எத்தனை மணி நேரம் குறையுது மாமி?" என்று ஒரு தடவை நான் கேட்டதில்லை. 'விடியக்காலையைக் காட்டறது' என்று அவர் சொன்னதோடு விட்டுவிட்டேன். "கிட்டிப்போச்சு!" என்று கத்தினேன். கீழே பெருங்காயக் கடைக்காரர் படியேறி வந்து பாதியில் நின்று என்னவென்று பார்த்தார். நின்றுபோன கல்யாணத்தை அப்புறம்தான் ஞாபகப்படுத்திக்கொண்டேன். ஒரு முழு நிமிடம் நான் உலகத்தின் சந்தோஷமான மனிதனாக இருந்தேன் என்பதை மறைக்க முடியாது.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு, முதல்முறையாக ஒரு பள்ளி நாளில், கரமனைக்குப் போனேன். கதவைத் திறந்தது ரெஷ்மா, சிவகாமியம்மாளின் மருமகள். அரசுப் பள்ளியில் டீச்சர். "என்ன சேட்டா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே!" என்றாள். முன்னறையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் இருந்தது விண்டோஸ் இல்லை. பின்னால் ஒரு பென் டிரைவ் செருகியிருந்தது.

"டீச்சர், இது என்னது?"

"நம்ம ஸ்கூல் லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலா. கொஸ்டியன் பேப்பர் எல்லாம் இதுலதான் செய்யணும். முழுசா பென் டிரைவ்லயே ஏத்தி வெச்சிருக்கேன். எட்டு மணிக்கு உருவி எடுத்துண்டு போயிடுவேன்."

"எப்போலேருந்து?"

"ஜூன்ல ஸ்கூல் தொறந்ததுலேந்து. ஏன்?"

"நெட்டு?"

"என் போன்லேந்துதான். அதுவும் என்கூட வந்துடும்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். மூன்று மாதமாக நான் தேடிய குற்றவாளி தினமும் எட்டு மணிக்கு டீச்சரின் கைப்பையில் ஏறி பஸ் பிடித்துப் போயிருக்கிறான். சனி, ஞாயிறு லீவு. மழை லீவு வேறு.

சிவகாமியம்மாள் காப்பியோடு வந்தார். நான் விளக்கினேன். கம்ப்யூட்டருக்குள் ஒரே ஒரு கடிகாரம். லினக்ஸ் அதில் கிரீன்விச் மணியை எழுதி வைக்கும். திரையில் காட்டும்போது ஐந்தரை கூட்டிக் காட்டும். அதனால் ரெஷ்மாவுக்கு எப்போதும் சரி. விண்டோஸ் அதே கடிகாரத்தைப் பார்த்து, இதுதான் நம்மூர் மணி என்று அப்படியே நம்பிவிடும். நெட் இருந்தாலாவது ஒருநாள் திருந்தும். நெட்டுதான் போனோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறதே.

சிவகாமியம்மாள் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "மேசை ஒண்ணு, ஆபீசர் ரெண்டு. காலம்பற வரவன் ஒரு கணக்குல எழுதி வெச்சுட்டுப் போறான். பத்து மணிக்கு வரவன் அதை வேற கணக்குனு நெனச்சு ஒப்புக் கையெழுத்து போடறான். அவ்வளவுதானே? செக்ரட்டேரியட்ல முப்பத்தொரு வருஷம் இதைத்தானேடா பார்த்தேன்!" பிறகு மருமகளைப் பார்த்து, "நோக்கு எதுக்கு முகம் வாடறது? தப்பு இவனோடது" என்றார்.

ரெஷ்மா நான் சொன்னபடி தன் லினக்ஸில் ஒரே ஒரு வரி அடித்தாள். இனி உள்ளே எழுதுவதையும் நம்மூர் மணியிலேயே எழுது என்று அதற்குச் சொல்லும் வரி. மூன்று பேட்டரி, ஒரு பூஜை மணி, பத்து ஞாயிறு. கடைசியில் ஒரு வரி. மெஷினை அணைத்து விண்டோஸில் திறந்தோம். ஏழு ஐம்பத்திரண்டு. சுவர்க் கடிகாரமும் ஏழு ஐம்பத்திரண்டு. நாங்கள் மூவரும் குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்புறம்தான் நான் போனை எடுத்து அந்த போட்டோவைக் காட்டினேன். சிவகாமியம்மாள் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். முகம் மெல்ல மாறியது.

"சூரியன் லக்னத்துக்கு ரெண்டுல நிக்கறான். அப்படின்னா இன்னும் விடியலேன்னு அர்த்தம். வெயில் மூஞ்சில அடிக்கறச்சே இதைப் படிச்சிருக்கேனே!" நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் டைப்பிஸ்ட்டுடா. எதிர்ல இருக்கற பேப்பரை அப்படியே படிக்கறது கைப்பழக்கம். நீ வேற கேரண்டி குடுத்துட்டயா... ஆமா, இது உங்கிட்ட எப்படி வந்தது?"

"மாப்பிள்ளை நான்தான் மாமி."

"அட கடங்காரா!" என்றார். ரெஷ்மா "அய்யோ" என்று வாயில் கை வைத்தாள். "அந்த மனுஷன் மாப்பிள்ளை பேரே சொல்லலையே!" என்றார் சிவகாமியம்மாள்.

"இப்ப வேற நேரத்துல கேட்டா..."

"ஒரே கேள்வியை ரெண்டு தரம் கேக்கப்படாது. கேட்ட நேரம் கேட்ட நேரந்தான். பத்து நாப்பத்தொண்ணு. நான்தான் தப்பாப் போட்டுட்டேன், நான்தான் சரியாப் போடணும்."

இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நண்பர்களிடம் பத்து வருடமாகச் சொல்லி வருகிறேன். ஆனாலும் ஒரு முறை தோற்றவன் கடிகாரத்தைக் குறை சொல்லலாம். இரண்டாம் முறையும் தோற்றால் சொல்ல எதுவும் இருக்காது. குரலைத் தணித்து, "மாமி, அவங்கள கூப்பிடதுக்கு முன்னால, சும்மா ஒரு தடவ போட்டுப் பாத்துட்டா என்ன?" என்றேன்.

"நன்னாயிருந்தா கூப்பிடறது, இல்லேன்னா மூடி வெச்சுடறதா? போடா. அவா முன்னாடிதான் போடுவேன்." அப்போதே பிச்சைக்கனிக்கு போன் போட்டு, தவறு நடந்துவிட்டது, சாயங்காலம் வர வேண்டும் என்று சொன்னார். ஒரு சாக்கும் சேர்க்கவில்லை.

நான்கரைக்கு அப்பாவும் மகளும் வந்தார்கள். சிவகாமியம்மாள் நடந்ததை முழுக்கச் சொன்னார். மீதியை நான் சொன்னேன். பூஜை மணி சங்கதியைக்கூடச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். பிச்சைக்கனி வேட்டியை மடித்துக் கட்டியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்வே, மூணு மாசமா ஒரு மணிய சரியாக்கத் தெரியாத ஆளுக்கா நான் பொண்ணு குடுக்கணும்?"

"அதான் கண்டுபிடிச்சிட்டேம்லா மாமா."

"எப்பம் கண்டுபிடிச்சீரு? பொண்ணு இல்லன்னு சொன்ன பொறவு! அப்பம் ஒவ்வொரு ரிப்பேருக்கும் ஒருத்தன் ஒமக்குப் பொண்ணு இல்லன்னு சொல்லணுமா?"

இருமப் பார்த்தேன். இருமலும் வரவில்லை. அவருக்குப் பின்னால் கௌசல்யா சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. பிச்சைக்கனியின் மீசையும் லேசாக ஆடியதாக எனக்குத் தோன்றியது. அது ஃபேன் காற்றாகவும் இருக்கலாம்.

சிவகாமியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க உக்காருங்கோ. திரவியம், நீ வெளில போய் நில்லு. நீயும்தான் கொழந்தே. பேப்பர் திருத்தற எடத்துல பரீட்சை எழுதினவா நிக்கப்படாது."

வாசலில் வந்து நின்றோம். தெருவின் இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நின்றன. மேற்கே வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. "ஷீட் அனுப்புனதுக்கு தேங்க்ஸ்" என்றேன்.

"நல்லா பாருங்கன்னு எழுதிருந்தேன்லா. கும்பிடு போடுதீங்க!"

"நான் அத... போய்ட்டு வாரேன்னு சொல்லுதீங்கன்னு நெனச்சேன்."

"கப்பல்லருந்து வார டைம் பூரா கிரீன்விச்லதான் வரும். அஞ்சரை கூட்டித்தான் நான் போர்டுல எழுதணும். வேலைக்குச் சேந்த நாள்லருந்து அதான் சோலி. அப்பா கொண்டு வந்த பேப்பர்ல அஞ்சு பதினொண்ணுன்னு பாத்ததும் வெரல் தானா கூட்டிட்டு. பத்து நாப்பத்தொண்ணு."

நான் அவளைப் பார்த்தேன். பத்து ஞாயிறு நான் அந்தப் பெட்டியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததை இவள் நின்ற இடத்தில் பார்த்திருக்கிறாள்.

"அப்பாட்ட சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லிருக்கலாம். ரிப்பேர்காரருக்கு ஒரு சான்ஸ் குடுப்போமேன்னு பாத்தேன்."

"நான் கண்டுபிடிக்கலன்னா?"

"இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் வச்சிருந்தேன்."

"பொறவு?"

"பொறவு என்ன, நானே வந்து கூட்டிச் சொல்லிருப்பேன்." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் என்னைப் பார்க்காமல் தெருக்கோடியைப் பார்த்தாள்.

எனக்குள் ஏதோ ஒன்று, ரொம்ப நாளாக ஓடாமல் கிடந்த ஃபேன் மாதிரி, முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. "உள்ள இப்பமும் வேண்டாம்னு வந்துட்டா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எனக்கு எப்போதுமே ஒரு கேள்வி அதிகம்.

அவள் பதில் சொல்வதற்கு முன் மழை வந்துவிட்டது. தூறல், முன்னறிவிப்பு ஒன்றும் கிடையாது, ஒரே கொட்டு. ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கி, படியில் கிடந்த செருப்புகள் மேல் விழுந்தது. உள்ளே பிரிண்டர் விழித்துக்கொண்டு காகிதத்தை இழுக்கும் சத்தம் கேட்டது. பிச்சைக்கனி எதையோ கேட்டார். சிவகாமியம்மாள் "இருங்கோ, முழுசா வரட்டும்" என்றார். நான் கதவுப் பக்கம் திரும்பினேன். கௌசல்யா திரும்பவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கி, நனைந்தபடியே செருப்புகளைக் காலால் ஒவ்வொன்றாக மேலே தள்ளினாள். முதலில் அவள் அப்பாவின் தோல் செருப்பு. பிறகு சிவகாமியம்மாளின் ரப்பர் செருப்பு. பிறகு தன்னுடையது. கடைசியில் என்னுடைய ஜோடி மட்டும் மழையில் கிடந்தது. இடது செருப்பில் அறுந்துபோன வாரை நான் கம்ப்யூட்டர் ஒயர் கட்டும் பிளாஸ்டிக் நாடாவால் இழுத்துக் கட்டியிருந்தேன். அவள் குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தாள். மழைத் தண்ணீர் நெற்றியில் வழிய நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தாள். பிறகு காலால் தள்ளாமல், அந்தச் செருப்பு இரண்டையும் கையில் எடுத்து, உதறி, தன் செருப்புக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தாள்.